சுவரை நிமிர்த்தியவர்கள்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் வாயிலிருந்து பிறந்த சொல் அது. தனக்கென ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் மனிதனின் பாதி ஆயுள் கழிந்துவிடுகிறது. அவ்வாறு பாடுபட்டுத் தேடிய வீட்டை விற்றுவிட்டு, முன்பின் அறியாத பிறருக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காக ஊர் ஊராகச் செல்லும் முதிய தம்பதியரை நான் கண்டேன் என்றால், வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும். நானும் வியந்தவன்தான். ஆனால் வியப்போடு நின்றுவிடாமல் சிறிது வெட்கமும் அடைந்தேன். அந்த வெட்கத்தின் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் என் துணைவியாரும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் எங்கள் மகளைப் பார்க்கச் சென்றிருந்தோம். ஷஃபான் பிறை பிறந்த வாரம் அது. மருமகன் பணிபுரியும் நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் ஊழியர் அனைவரும் பொதுத்தொண்டுக்குச் செல்வது வழக்கமாம். அவ்வாண்டு அவர்களுக்கு வாய்த்தது வீடு கட்டும் பணி. “நீங்களும் வாருங்கள் மாமா, சும்மா உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கலாம்” என்றார் மருமகன். பிறர் உழைப்பதை உட்கார்ந்து பார்ப்பதில் எனக்கு நீண்ட நாள் பயிற்சி உண்டு. உடனே புறப்பட்டேன். என் துணைவியாரும் உடன் வந்தார்.

நாங்கள் சென்ற இடம் ஒரு சிற்றூர். கட்டுமான மனைக்குச் சற்றுத் தொலைவில் ஒரு தேவாலயத்தின் திடல். அதில் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. சில நம்மூர்ப் பேருந்தைவிட நீளமானவை. சில காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்து வரும் பெட்டிகள். ‘ஆர்.வி.’ என்று அந்நாட்டார் சுருக்கமாகச் சொல்லும் வீட்டு வண்டிகள் இவை. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. திடலின் ஓரத்திலிருந்து மின்சாரக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஒவ்வொரு வண்டிக்கும் இழுத்திருந்தார்கள். வண்டிகளுக்கு முன்னால் மடக்கு நாற்காலிகளைப் போட்டு முதியவர்கள் காப்பி அருந்திக் கொண்டிருந்தனர். அனைவரும் கணவனும் மனைவியுமாகவே இருந்தனர். அறுபதுக்குக் குறைந்தவர் எவருமில்லை என்று மதித்தேன். சுற்றுலா வந்தவர்கள் போலும் என்று எண்ணினேன். சற்று நேரத்தில் அத்தனை பேரும் தலையில் கவசத் தொப்பி அணிந்து, இடுப்பில் சுத்தியலும் ஆணிப்பையும் தொங்க, மனையை நோக்கி நடந்தபோதுதான் என் தவறு புரிந்தது.

இவர்கள் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ என்னும் வீட்டமைப்பு இயக்கத்தின் ‘கேர்-அ-வேனர்ஸ்’ என்ற பிரிவைச் சேர்ந்த தொண்டர்கள். இப்பிரிவு 1980-களின் இறுதியில் தோன்றியது. பணி ஓய்வு பெற்றவர்களும் ஊர் சுற்றும் விருப்பமுள்ளவர்களும் தத்தம் வீட்டு வண்டியில் குறிப்பிட்ட ஊருக்கு வந்து சேருவர். பெரும்பாலும் இரண்டு வாரம் தங்கி, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் போல உழைப்பர். கூலி கிடையாது. எரிபொருளும் உணவும் அவரவர் செலவு. வண்டியை நிறுத்த இடமும் மின்சாரமும் தண்ணீரும் மட்டும் உள்ளூர்க் கிளை இலவசமாகவோ சிறு கட்டணத்திற்கோ ஏற்பாடு செய்து கொடுக்கும். பணி முடிந்ததும் அடுத்த ஊர். மெதடிஸ்டு சபையினரிடமும் ‘நோமாட்ஸ்’ என்ற பெயரில் இத்தகைய குழு ஒன்று உண்டு. இவர்களில் பெரும்பாலோர் கட்டடத் தொழில் அறியாதவர்கள். மேற்பார்வையாளர் ஒருவர் அருகிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார். மின்இணைப்பு போன்ற ஆபத்தான வேலைகளை உரிமம் பெற்ற தொழிலாளர் பார்த்துக் கொள்கின்றனர்.

இயக்கத்தின் கதையே ஒரு கணவன் மனைவியின் கதைதான். மில்லர்டு ஃபுல்லர் என்பவர் அலபாமா மாநிலத்து வழக்கறிஞர். வணிகத்திலும் இறங்கி முப்பது வயதாகும் முன்பே கோடீசுவரர் ஆனவர். செல்வம் பெருகப் பெருக வீட்டில் அமைதி குறைந்தது. 1965-ஆம் ஆண்டில் மனைவி லிண்டா அவரை விட்டுப் பிரிந்து போனார். தேடிச் சென்ற கணவரும் மனைவியும் அமர்ந்து பேசி, சொத்து முழுவதையும் விற்றுக் கொடுத்துவிட்டு எளிய வாழ்வைத் தொடங்குவதென முடிவு செய்தனர். ஜார்ஜியாவில் அமெரிக்கஸ் என்னும் ஊருக்கு அருகே, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாழ்ந்த கொய்னோனியா என்ற பண்ணையில் சேர்ந்தனர். அங்கே ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தனர். பின்னர் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டிலும் அதைச் செய்து பார்த்துவிட்டு, 1976-இல் இந்த இயக்கத்தைத் தொடங்கினர். இன்று பல நாடுகளில் அது பணி செய்கிறது. மில்லர்டு 2009-இல் காலமானார்.

அவர்கள் வகுத்த முறையை மருமகன் விளக்கியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீடு இலவசமன்று. பெறுபவர் தவணையில் விலையைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் அதில் இலாபமில்லை, வட்டியுமில்லை. ஏழையிடம் வட்டி வாங்கலாகாது என்ற தௌராத்தின் கட்டளையே இதற்கு அடிப்படை என்று ஃபுல்லர் சொல்லி வந்தாராம். திரும்பி வரும் தவணைப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். வீடு பெறுபவரும் பல நூறு மணி நேரம் தம் உழைப்பைத் தர வேண்டும். இப்போது சில ஊர்க் கிளைகளில் வங்கிகளின் துணையோடு குறைந்த வட்டிக் கடனும் நுழைந்துவிட்டது என்பதையும் மருமகன் மறைக்காமல் சொன்னார். எனினும் தொடங்கியது ‘கர்ளு ஹஸன்’ எனும் அழகிய கடனாகத்தான். நாம் மேடைதோறும் பேசும் ஒன்றை, நம்மை அறியாத ஒருவர் சுத்தியலும் கையுமாகச் செய்து காட்டியிருக்கிறார்.

மனையில் அன்று சுவர் எழுப்பும் நாள். நம்மூர்போல் செங்கல் சுவரன்று, மரச்சட்டச் சுவர். சிமெண்டுத் தளத்தின் மீது நீண்ட சட்டங்களைக் கிடத்தி, 16 அங்குலத்திற்கு ஒன்றாகக் குறுக்கே மரங்களை வைத்து ஆணி அடிக்கிறார்கள். சுவர் முழுவதும் தரையில் படுத்திருக்கும்போதே உருவாகிவிடுகிறது. பிறகு அனைவரும் வரிசையாக நின்று, ஒரே குரலில் எண்ணி, அதைத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

நான் வேடிக்கை பார்ப்பதற்கு அங்கே இடமில்லை. எல்லைக்குள் வருபவர் எவரும் ஒரு தாளில் கையொப்பமிட்டுக் கவசத் தொப்பி அணிய வேண்டும். என் வெள்ளைத் தொப்பியின் மேலேயே அதையும் கவிழ்த்துக் கொண்டேன். ஒரு முதியவர் வந்து என் கையில் சுத்தியலைக் கொடுத்தார். அவர் ஒஹையோ மாநிலத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து மூன்று. நானும் ஆசிரியன் என்று மருமகன் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “பயப்பட வேண்டாம். ஆசிரியர்கள் ஆணியை மூன்று முறை விளக்கிவிட்டுத்தான் அடிப்பார்கள்” என்றார். விளக்கமின்றி நான் அடித்த முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதில் என் கட்டைவிரல் நசுங்கியது. அவர் சிரிக்கவில்லை. வளைந்த ஆணியைப் பிடுங்கி நிமிர்த்திக் காட்டினார். “என் முதல் வாரத்தில் அடித்ததைவிடப் பிடுங்கியதே அதிகம்” என்றார்.

அவருடைய மனைவி செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு முழங்கால் வலி. ஏணி ஏற முடியாது. ஆகவே அவர் கீழே நின்று மரம் அறுக்க, அம்மையார் மேலே ஏறி ஆணி அடிக்கிறார். என் துணைவியார் இதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கு எழுதப் போவதில்லை.

நண்பகல் உணவு நேரத்தில் அம்மையார் எங்களைத் தம் வண்டிக்கு அழைத்தார். கதவில் அமெரிக்க நாட்டின் படம் ஒட்டியிருந்தது. சென்று வந்த மாநிலங்களில் மட்டும் வண்ணம். ஆங்காங்கே சிறு வீடு போன்ற குறி இட்டிருந்தது. பதினான்கு குறிகள், பதினான்கு வீடுகள். தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மூன்று தொட்டிகள் உண்டு என்றார்: ஒன்று நன்னீர், ஒன்று குளித்த, பாத்திரம் கழுவிய நீர், ஒன்று கழிவறை நீர். தூய்மை செய்யும் நீர், தூயதாயினும் தூய்மை செய்யாத நீர், அசுத்த நீர் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பிரித்துப் பிரித்துச் சொல்பவன் நான். ஏறத்தாழ அதே பிரிவினை ஒரு வண்டியின் அடியில் மூன்று தொட்டிகளாகத் தொங்குவதைக் கண்டு மகிழ்ந்தேன். அந்த நன்னீரிலேயே உளூச் செய்யச் சொன்னார்கள். லுஹரை வண்டியின் நிழலில் தொழுதேன். தொழுது முடியும்வரை அவர்கள் தம் வானொலியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பேச்சினிடையே என் மனத்தில் உறுத்திய ஐயங்களைக் கேட்டேன். “உங்கள் வீடு எங்கே?” என்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டோம், இதுவே வீடு என்றனர். சட்டத்திற்கு ஒரு முகவரி வேண்டுமல்லவா? அதற்காகத் தெற்கு டகோட்டா மாநிலத்தில் தபாலை வாங்கி அனுப்பும் ஒரு நிலையத்தின் முகவரியை வைத்திருக்கின்றனர். வண்டியிலேயே முழு வாழ்வையும் கழிப்பவர் பலர் செய்வது இதுதான். “முப்பது ஆண்டு தவணை கட்டினோம். கூட்டிப் பார்த்தால் வீட்டின் விலையைக் காட்டிலும் வட்டியே மிகுதி. கடன் தீர்ந்த ஆண்டில் பிள்ளைகள் வீட்டில் இல்லை. இருவருக்கு நான்கு அறைகள் எதற்கு? அந்த வட்டியைக் கட்டாமல் ஒரு குடும்பம் வீடு பெறுமானால் நாங்கள் ஆணி அடிக்கலாம் என்று தோன்றியது” என்றார் அம்மையார்.

“இவ்வளவு பெரிய வண்டி குடிக்கும் எரிபொருள் வீண்விரயம் ஆகாதா? அந்தப் பணத்தை அனுப்பிவிட்டால் போதாதா?” என்று கேட்டேன். மார்க்கம் படித்தவனுக்கு வீண்விரயம் என்ற சொல் எப்போதும் நாக்கின் நுனியில் இருக்கும். ஒரு காலன் எரிபொருளுக்குப் பத்து மைல் ஓடினால் அதிகம் என்று ஆசிரியர் தயங்காமல் ஒப்புக் கொண்டார். “எப்படியும் குளிர்காலத்தில் தெற்கே வந்துவிடுவோம். எங்களைப் போல ஏராளமானோர் வருகிறார்கள். வந்த இடத்தில் சீட்டாடுவதற்குப் பதிலாகச் சுவர் எழுப்புகிறோம். கணக்குச் சரியாக வருகிறதா என்று நானும் போட்டுப் பார்த்ததுண்டு. பணம் அனுப்பினால் பலகை வரும். பலகையை யார் தூக்குவது? கூலி கொடுத்தால் அந்தக் கூலியும் வீட்டின் விலையில் ஏறி, வாங்குபவர் தலையில்தானே விழும்?” என்றார்.

பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்பது என் துணைவியாரின் கேள்வி. அம்மையார் உடனே விடை சொல்லவில்லை. “அது கடினந்தான். கோடையில் போய் அவர்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திவிடுவோம். பிரியும்போது அழுவது பேரன் அல்லன், நான்தான்” என்றார். நம் முதியோர் பிள்ளைகளின் நிழலில் வாழ்கின்றனர். அது நமக்கு அல்லாஹ் அருளிய பெரும் பேறு. அதை எவருக்காகவும் நான் மாற்றிக் கொள்ளச் சொல்லமாட்டேன். அந்நாட்டு முதியோர்க்கு 62 வயதிலிருந்தே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெற வழியுண்டு. 65-இல் அரசின் மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நெடுஞ்சாலைகள் நாடு முழுவதும் விரிந்து கிடக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்துதான் இந்த வாழ்க்கை கைகூடுகிறது. ஆனால் வசதியிருந்தும் செய்யாதவரே உலகில் பெரும்பாலோர். இவர்கள் செய்கிறார்கள்; அதுவும் இருவருமாகச் செய்கிறார்கள்.

அன்று அவர்கள் பேச்சில் அடிக்கடி வந்த பெயர் ஜிம்மி கார்ட்டர். அமெரிக்கஸுக்கு அருகிலுள்ள பிளெயின்ஸ் அவருடைய சொந்த ஊர். குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கிய பின், 1984-இல் மனைவி ரோசலினுடன் நியூயார்க் நகருக்குப் பேருந்தில் சென்று, இடிந்து கிடந்த ஓர் ஆறு மாடிக் கட்டடத்தை 19 குடும்பங்களுக்கான வீடுகளாக மாற்றும் இவ்வியக்கத்தின் பணியில் தச்சராக உழைத்தார். அதன்பின் ஆண்டுதோறும் இருவரும் சேர்ந்தே சென்றனர். 2006-இல் நம் நாட்டின் லோனாவாலா அருகேயும் வந்து வீடு கட்டினர். 2019-இல், தம் 95-ஆம் வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் தையல் போட்ட மறுநாளே நாஷ்வில் நகரத்துப் பணிக்கு வந்துவிட்டார் அவர். நாங்கள் அங்கிருந்த 2023 பிப்ரவரி 18 அன்றுதான், மருத்துவமனைச் சிகிச்சை போதும், எஞ்சிய நாள்களை வீட்டில் கழிப்பேன் என்று அவர் முடிவு செய்த செய்தி வெளியாயிற்று. மனையில் அந்த வாரம் எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசினர். அவ்வாண்டு நவம்பரில் ரோசலின் காலமானார்; 2024 டிசம்பரில், நூறு வயது கடந்து, கார்ட்டரும் காலமானார்.

மாலை விடைபெறும் நேரத்தில் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் ஊரில் ஏழையின் வீடு இடிந்தால் என்ன செய்வீர்கள்?”

ஸகாத் உண்டு, ஸதகா உண்டு, பள்ளிவாசலில் அறிவிப்போம், வசூலிப்போம் என்றெல்லாம் சொன்னேன். மருமகன் மொழிபெயர்த்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லது. கட்டுவது யார்?” என்றார்.

நான் விடை சொல்லவில்லை. என் மனக்கண்ணில் ஒரு சுவர் தெரிந்தது. எங்கள் மதரஸாவின் பின்புறம் குடியிருக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டுச் சுவர். 2022-ஆம் ஆண்டின் ஐப்பசி அடைமழையில் விழுந்தது. ஜும்ஆவில் நானே எழுந்து நின்று அறிவித்தேன். செங்கல்லும் சிமெண்டும் வாங்குமளவு பணம் சேர்ந்தது. வாங்கி இறக்கியும் ஆயிற்று. கூலிக்குப் போதவில்லை. நான் விமானம் ஏறும் நாளிலும் அந்தச் செங்கற்கள் அடுக்கியபடியே இருந்தன. விழுந்த இடத்தில் ஒரு தார்ப்பாய் தொங்கிக் கொண்டிருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முப்பதாண்டுகளாக நான் பாடம் நடத்தி வரும் ஒரு வரலாறு நினைவில் வந்து நின்றது. ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் மூஸா (அலை), ஹிள்ரு (அலை) ஆகியோரின் பயணம் அது. உணவு கேட்டும் கொடுக்காத ஓர் ஊர். அங்கே விழும் நிலையிலிருந்த ஒரு சுவர். அதைக் கூலியின்றி நிமிர்த்தி வைத்த பெரியார். இவ்விடத்தை நடத்தும்போதெல்லாம் சுவரின் அடியிலிருந்த புதையலைப் பற்றியும், அநாதைச் சிறுவர்களைப் பற்றியும், மறைவான ஞானத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அந்தச் சுவரை நிமிர்த்திய கைகளைப் பற்றி ஒரு நாளும் நின்று நினைத்ததில்லை. மதீனாவில் பள்ளிவாசல் எழும்பியபோது பெருமானார் (ஸல்) அவர்களே தோழர்களோடு சேர்ந்து கல் சுமந்தார்கள் என்பதையும் பாடமாகத்தான் சொன்னேன். என் தோளில் ஒரு கல்லும் ஏறியதில்லை.

அரபு மொழியில் ‘அய்ன், மீம், ரா’ என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து ‘உம்ரு’ என்ற சொல் பிறக்கிறது, அது ஆயுள். அதே வேரிலிருந்து ‘இமாரத்’ பிறக்கிறது, அது கட்டடம். அதே வேரிலிருந்துதான் ‘உம்ரா’வும், அது நாடிச் செல்லும் பயணம். இந்த மூன்றையும் கரும்பலகையில் எத்தனை முறை எழுதி அழித்திருப்பேன்! வயது, கட்டுதல், பயணம் மூன்றும் ஒன்றாகி மூன்று தொட்டி வண்டியில் வந்து நின்றபோதுதான் வேரின் பொருள் எனக்கு விளங்கிற்று.

“ஓய்வு பெற்றபின் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?” என்று விமானத்தில் என் துணைவியார் கேட்டார். இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறதே என்றேன். “ஓய்வு உங்களுக்குத்தான் வரும், அடுப்புக்கு வராது. அந்த அம்மா ஏணியில் நின்றார்களே, அதைப் பார்த்தீர்களல்லவா?” என்றார். அவர் அன்று பெண்களோடு சேர்ந்து கதவுகளுக்கு வண்ணம் பூசியிருந்தார். முப்பத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரே வேலையை ஒரே இடத்தில் செய்தது அதுவே முதல் முறை என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன்.

ஊர் திரும்பிய மறு வாரம், ஓய்வு பெற்ற நண்பர்கள் மூவரை அழைத்துக் கொண்டு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். எங்கள் தெருக் கொத்தனார் தம் கூலியில் பாதியை விட்டுக் கொடுத்தார்; சிற்றாள் வேலைக்கு நாங்கள் நால்வர். என் துணைவியார் அக்கம்பக்கத்துப் பெண்களோடு கல் நனைத்தார், மணல் சலித்தார். ரமளான் பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தோம். நான் எடுத்துக் கொடுத்த கலவை தளர்ந்துவிட்டதென்று ஒரு வரிசையைக் கொத்தனார் பிரித்து மறுபடி வைத்தார். “ஹஜ்ரத், நீங்கள் கிதாபில்தான் கெட்டிக்காரர்” என்றார். மெய்தான்.

ஆறு நாளில் சுவர் எழும்பியது. உள்ளங்கைகளில் கொப்புளம் கண்டு, முதல் தராவீஹில் கை கட்டுவதற்கே எனக்குச் சிரமமாக இருந்தது. மூதாட்டி தார்ப்பாயை மடித்து என்னிடம் கொடுத்தார். “வேறு யாருக்காவது சுவர் விழுந்தால் கட்டும்வரை தொங்கவிட உதவும்” என்றார். அது இப்போது மதரஸாவில் என் அலமாரிக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் அதை எடுத்துப் பார்க்கிறேன்.